மூன்று நாளில் முளைக்கும் பாடம்

சிறு பிள்ளைகளோடு தோட்டம் செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் மண்வெட்டியைத்தான் தேடுவார்கள். அதற்கு முன் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்று நாள் என்பது மிக நீண்ட காலம். மிளகாய் விதை மண்ணுக்கு மேலே வரவே ஒரு வாரமளவில் எடுக்கும். அது காய்க்கும்போது விடுமுறையும் முடிந்திருக்கும், பிள்ளையின் ஆசையும் முடிந்திருக்கும்.

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் எமது கல்லூரியின் ஆரம்பப் பிரிவுத் தோட்டத்தில், உயர்தர உயிரியல் பிரிவு மாணவியர் சிலர் தரம் 1, 2 பிள்ளைகளோடு காலை வேளைகளில் வேலை செய்தோம். பெற்றோர் வீட்டிலும் செய்து பார்க்கக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் எடுத்தது பயறு. இரவில் ஊறப்போட்டு நட்டால் மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். அடுத்தது கீரை, மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். கீரை விதை மிகச் சிறியது. பிள்ளைகள் அள்ளிப் போட்டால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். அதனால் ஒரு பிடி உலர்ந்த மணலோடு கலந்து கொடுத்தோம். சமையலுக்கு வாங்கிய கங்குன் தண்டில் கணு உள்ள துண்டுகளை ஈரமண்ணில் குத்திவைத்தால் அதுவும் வேர்விடும். பயற்றை, வெண்டி போன்றவற்றைப் பொறுமையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தோம்.

விதை போட்ட மறுநாளே பிள்ளைகள் விரலால் மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். ஏசிப் பயனில்லை, பார்க்கத்தானே தோட்டத்துக்கு வருகிறார்கள்! வெறும் ஜாம் போத்தலின் உட்புறம் ஈரமான கடதாசியைச் சுற்றி, கண்ணாடிக்கும் கடதாசிக்கும் இடையில் பயறு விதைகளைச் செருகி வைத்தோம். மண்ணுக்குள் நடப்பதெல்லாம் அதில் தெரிந்தது. முதலில் வெளியே வருவது இலையல்ல, வேர். விதையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் வேர் கீழ்நோக்கியே வளைந்தது. நாங்கள் வகுப்பில் புவித்திருப்பம் என்று படித்ததை ஒரு பிள்ளை, "அதுக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கரையோர ஊரான எங்களுடையது மணல் நிலம். ஓகஸ்டில் கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்தால் காலையில் ஊற்றிய நீர் மதியத்துக்குள் காணாமற் போய்விடும். ஏன் கூட்டெரு போடவேண்டும் என்பதை விளக்க, அடியில் துளையிட்ட இரண்டு சிரட்டைகளை எடுத்தோம். ஒன்றில் வெறும் மணல், மற்றதில் மணலும் கூட்டெருவும். இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றியபோது, மணல் சிரட்டையிலிருந்து நீர் மளமளவென்று கொட்டியது. மற்றது கொஞ்சத்தைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொண்டது. அதன் பிறகு குப்பைக் குழிக்குத் தேயிலைச் சக்கையும் மரக்கறித் தோலும் கொண்டுவராத பிள்ளை இல்லை. (வேலை முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்துவைக்க வேண்டும். டெங்கு நுளம்புக்கு அந்த நீர் போதும்.)

நீர் ஊற்ற வாளி கொடுக்காதீர்கள். ஐந்து லீற்றர் நீர் ஐந்து கிலோ. பாதி கால்களில்தான் ஊற்றும். ஒரு லீற்றர் போத்தலின் மூடியில் பெரியவர் ஒருவர் துளைகள் இட்டுக் கொடுத்தால் அதுவே சிறுவர் பூவாளி.

இனிச் சொல்லப்போவதில் சில உம்மாமார் என்னோடு உடன்படமாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் யோகட் கோப்பையில் தனித்தனிப் பயறு நட்டிருந்தோம். நான்காம் நாள் ஒருத்தியின் கோப்பையில் மட்டும் ஒன்றுமில்லை. "ராத்தா, என்ட மட்டும் ஏன் வரல்ல?" என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினாள். கூட்டிப்போக வந்த அவளுடைய உம்மா என் காதருகில், "மகள், பின்னேரம் வேற ஒரு முளைச்ச கோப்பைய மாத்தி வெச்சிடுங்க, புள்ளைக்குத் தெரியாது" என்றார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் நான் மாற்றவில்லை. பிள்ளை நான்கு நாள் காத்திருந்தது அந்தக் கோப்பைக்காக. வேறொன்றைக் காட்டி அவளை மகிழ்விப்பது அவளிடம் பொய் சொல்வதாகும்.

மறுநாள் இருவருமாகக் கோப்பையைக் கொட்டிப் பார்த்தோம். மண்ணோடு வந்த பொலித்தீன் துண்டொன்று அடித் துளையை அடைத்திருந்தது. மண் சேறாகி, விதை அழுகி மணத்தது. விதைக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும், நீர் தேங்கினால் ஒட்சிசன் கிடைக்காது என்று சொன்னேன். அவள் அழவில்லை. துளையைத் தானே குத்தித் திறந்து, மண்ணை மாற்றி, இம்முறை மூன்று விதை கேட்டு வாங்கினாள். பிறகு ஏனைய பிள்ளைகளின் கோப்பைகளையெல்லாம் தூக்கித் தூக்கி அடியைப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். இரண்டு கோப்பைகளில் துளை அடைபட்டிருந்ததை அவளே கண்டுபிடித்தாள்.

கீரை பறிக்கும் வாரத்தில் ஆடொன்று புகுந்து பாதிப் பாத்தியைத் தின்றுவிட்டது. நாம் நட்டதை மனிதரோ பறவையோ மிருகமோ உண்டால் அது ஸதகா என்று குர்ஆன் மத்ரஸாவில் கேட்டிருந்த ஒரு பிள்ளை, எங்களுக்கே ஆறுதல் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா இனிக் கேட்டப் பூட்டுங்க" என்றாள்.

மீதியைப் பிடிபிடியாகக் கட்டி எல்லோருக்கும் பகிர்ந்தோம். பாடசாலை தொடங்கியபின் நீர் ஊற்றும் முறைப் பட்டியலைத் தரம் 2 பிள்ளைகளே கோணல் எழுத்தில் எழுதித் தோட்டச் சுவரில் ஒட்டினார்கள். அதில் வெள்ளியும் சனியும் மட்டும் வெறுமையாக இருக்கின்றன. பாடசாலைக்குப் பக்கத்தில் வசிக்கும் பெற்றோர் யாராவது அந்த இரு நாட்களையும் எடுத்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.