பழைய ஷேப்பை இப்போதே எடுப்பதா, புது ஷேப்புக்குப் பொறுப்பதா?

ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, ஆமர் வீதிப் பக்கத்தில் கார் வாங்க நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகின்றன. "கார் சேலில் பழைய ஷேப்பை ஆறேழு இலட்சம் குறைத்துத் தாறம் என்கிறார்கள். புது ஷேப் வருகுதாம். இப்ப எடுக்கிறதா, பொறுக்கிறதா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோல் கார் அல்லது ஹைபிரிட், ஆறேழு வருடம் உங்களிடமே இருக்கப்போகிறது என்றால் பழைய ஷேப்பை எடுக்கலாம். இரண்டு மூன்று வருடத்தில் விற்றுவிட்டு வேறு மாற்றும் பழக்கம் உள்ளவர் அதைத் தொடவேண்டாம். மின்சாரக் கார் என்றால் பொறுப்பதே நல்லது. ஆனால் "குறைத்துத் தாறம்" என்ற பேச்சை நம்பி முற்பணம் கட்டுவதற்கு முன், இந்த நாட்டில் காரின் விலை எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரும் ஆலோசனை நமக்குப் பாதிதான் பொருந்தும். அங்கே புது மொடல் வந்தால் பழையதன் விலை இறங்கும், அவ்வளவுதான். இங்கே வரியும் டொலரும் இறக்குமதிச் சட்டமும் சேர்ந்து அந்தக் கணக்கையே மாற்றிவிடுகின்றன.

2020இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் பெப்ரவரியில் ஜப்பானில் இரண்டு புது ஷேப்கள் ஒரே மாதத்தில் வந்தன. விட்ஸின் இடத்துக்கு டொயோட்டா யாரிஸ் வந்தது, ஹொண்டா பிட்டின் நான்காவது தலைமுறை வெளியானது. அந்த நேரத்தில் கொழும்பில் பழைய விட்ஸும் ஜிபி5 பிட்டும் கைக்கெட்டும் விலையில் இருந்தன. புதியது ரீகண்டிஷனாக வரட்டும், ஒரு வருடம் பொறுப்போம் என்று நினைத்தவர்கள் பலர். மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடையில் 180 ரூபாய் அளவில் இருந்த டொலர் 2022இல் 360 வரை ஏறி, பின்னர் 300க்குக் கிட்ட வந்து நின்றது. ஒரு வருடம் பொறுக்க நினைத்தவர் ஐந்து வருடம் பொறுத்தார். அந்த ஐந்து வருடத்தில், பழைய வகன் ஆர் வைத்திருந்தவர் அதை வாங்கிய விலையை விட அதிகத்துக்கு விற்றார்.

இதே போல மறுபடியும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலங்கையில் பொறுத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பொறுத்தால் காசு மிச்சம் என்று மட்டும் கணக்குப் போடுகிறவர் அந்த விலையை மறந்துவிடுகிறார்.

அடுத்தது வரி. இதைத்தான் வாங்குகிறவர்கள் சரியாகப் பார்ப்பதில்லை. 2025இல் வந்த வரி முறையில் ஒரு காருக்குப் பல வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. சுங்க இறக்குமதி வரி 20 வீதம், அதன்மேல் 50 வீத மிகைவரி, ஆக காரின் சி.ஐ.எஃப். பெறுமதியில் (விலையோடு காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்தது) 30 வீதம். பிறகு உற்பத்தி வரி. எல்லாவற்றுக்கும் மேலே 18 வீத வற். இதில் உற்பத்தி வரிதான் மிகப் பாரமானது. அது பெற்றோல் காருக்கு எஞ்சினின் சி.சி. அளவைப் பார்த்தும், மின்சாரக் காருக்கு மோட்டரின் கிலோவாட்டைப் பார்த்தும் போடப்படுகிறது. காரின் ஷேப் பழையதா புதியதா என்பது அதற்குத் தெரியாது. ஒரே சி.சி., ஒரே வயது என்றால் பழைய ஷேப்புக்கும் புது ஷேப்புக்கும் அந்த வரி ஒன்றுதான்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். புது ஷேப் சின்னக் கார் ஒன்று கொழும்புத் துறைமுகத்துக்கு 30 இலட்சத்தில் வந்து சேர்கிறது என்று வையுங்கள். உற்பத்தி வரி 25 இலட்சம் என்று வைப்போம். மற்ற வரிகளும் சேர்ந்தால் மொத்தம் ஏறத்தாழ 76 இலட்சம். அதே சி.சி.யில் பழைய ஷேப் ஜப்பான் ஏலத்தில் 20 வீதம் மலிவாக, 24 இலட்சத்தில் வருகிறது. அதற்கும் உற்பத்தி வரி அதே 25 இலட்சம்தான். மொத்தம் 67 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே 20 வீதமாக இருந்த வித்தியாசம் இங்கே 12 வீதமாகச் சுருங்கிவிட்டது.

இப்போது கவனியுங்கள். இந்த 9 இலட்சம் வித்தியாசம் விற்பவர் தரும் கழிவு அல்ல. வரியோடு சேர்த்து அவருக்கு அடங்கிய விலையே அவ்வளவு குறைவு. புது ஷேப்பை விட ஆறேழு இலட்சம் குறைத்துத் தருகிறேன் என்று அவர் சொன்னால், உண்மையில் உங்களுக்கு எதையும் குறைக்கவில்லை. மலிவாக வாங்கியதில் ஒரு பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். பேரம் அந்த 9 இலட்சத்துக்கு அப்பாலேதான் தொடங்கவேண்டும். என் அளவுகோல் இது: பழைய ஷேப்பின் கொழும்பு விலை புது ஷேப்பின் விலையிலிருந்து குறைந்தது 15 வீதம் கீழே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விற்கும்போது பழைய ஷேப்புக்கு விழும் அடி அதைவிடப் பெரிதாக இருக்கும்.

பெறுமதி உயர்ந்த கார் பார்ப்பவர்கள் சொகுசு வரியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பெற்றோல் காருக்கு 50 இலட்சம், மின்சாரக் காருக்கு 60 இலட்சம் என்ற சி.ஐ.எஃப். எல்லையைத் தாண்டினால் அது வந்து ஏறும். புது ஷேப் எல்லைக்கு மேலும் பழைய ஷேப் எல்லைக்குக் கீழும் விழுந்தால், கொழும்பில் இரண்டுக்கும் இடையிலான தூரம் சட்டென்று விரியும். பழைய ஷேப் உண்மையிலேயே இலாபமாக அமையும் இடங்களில் இது ஒன்று.

சரி, எந்தக் காரின் கடைசி லொட்டை எடுக்கலாம்? நம் பகுதிக்குப் பொருத்தமான ஒன்று கண்முன்னே இருக்கிறது: டொயோட்டா கொரோலா அக்சியோ. 2012 மே மாதம் வந்த இந்த ஷேப்பின் உற்பத்தி 2025 ஒக்டோபரோடு ஜப்பானில் முடிந்தது. பதின்மூன்று வருடம் ஓடிய மொடல். அதன் குறைகள் எல்லாம் ஊருக்கே தெரியும், அவற்றுக்கு மருந்தும் தெரியும். கப்பலேறும் நாளில் காரின் வயது மூன்று வருடத்துக்கு மேற்படக்கூடாது என்பது இன்றைய விதி. அந்த விதி இப்படியே இருந்தால், கடைசி அக்சியோ 2028 ஒக்டோபர் அளவோடு வருவது நின்றுவிடும். அதற்குப் பிறகு இங்கே இருக்கும் கார்களுக்குள்தான் கைமாற்று.

"நிறுத்தின மொடலுக்குப் பார்ட்ஸ் கிடைக்குமா?" என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான், ஆனால் எல்லா மொடலுக்கும் அது ஒரே அளவில் பொருந்தாது. நீங்கள் பஞ்சிகாவத்தைக்குக் கிட்ட இருக்கிறீர்கள். அங்கே போய், பார்க்கிற காரின் ஹெட்லைட், முன் பம்பர், சைட் மிரர், ஷொக் அப்சோபர் நான்குக்கும் இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். உடனே எடுத்துக் காட்டினால் அந்த மொடல் இன்னும் பல வருடம் ஓடும். "ஓர்டர் போடவேணும், சொல்லியனுப்புறம்" என்றால் நிலைமை வேறு. அக்சியோ, பழைய அக்குவா, வகன் ஆர் போன்றவற்றுக்கு இங்கே தட்டுப்பாடு வரும் என்று நான் நினைக்கவில்லை. புது ஷேப்புக்குத்தான் முதல் இரண்டு வருடம் பாடு. சின்னதாக ஒரு இடி பட்டாலும் ஹெட்லைட் ஜப்பானிலிருந்து வரும்வரை கார் கராஜில் கிடக்கும். காப்புறுதிக் கம்பனி பணம் கொடுத்தாலும் பார்ட்ஸ் வந்தால்தானே!

அகலத்தையும் மறக்காதீர்கள். செட்டியார் தெருவுக்கும் ஜிந்துப்பிட்டிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இரு பக்கமும் வாகனம் நிற்கும்போது காரைக் கொண்டுபோகிறவருக்கு ஒவ்வொரு அங்குலமும் பெரிது. அக்சியோவின் அகலம் 1.695 மீற்றர். அதன் இடத்தை எடுக்கும் கொரோலா செடான் 1.745 மீற்றர், நீளத்திலும் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் கூட. இரவில் வீட்டு வாசலோடு ஒட்டி நிறுத்துகிறவருக்கு இந்த ஐந்து சென்ரிமீற்றர் தினமும் தெரியும். வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் குறித்த இடம் உள்ளவருக்கு இது பெரிய விஷயமாக இராது. உங்களுக்கு இது முக்கியம்.

அந்தக் கொரோலாவுக்கும் அடுத்த ஷேப் எப்படி இருக்கும் என்று 2025 ஒக்டோபரில் டோக்கியோவில் நடந்த கண்காட்சியில் டொயோட்டா ஒரு மாதிரியைக் காட்டிவிட்டது. இன்று அந்தக் கொரோலாவுக்குப் பொறுப்பவர் கையில் அது வரும்போது அதுவே பழைய ஷேப்பாகியிருக்கும். ஜப்பானில் வெளியான கார் ஓரளவு நியாயமான விலையில் ரீகண்டிஷனாகக் கொழும்புக்கு வர இரண்டு வருடம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருபவை எப்போதும் உச்ச விலையில்தான் நிற்கும்.

மின்சாரக் கார் விஷயத்தில் மட்டும் என் பேச்சு மாறுகிறது. நிசான் லீஃப் இதற்குச் சாட்சி. 2010இல் வந்த முதல் தலைமுறைக்கு 24 கிலோவாட்மணி பற்றரி. 2017இல் வந்த இரண்டாவதற்கு 40. இரண்டிலும் பற்றரியைத் திரவத்தால் குளிரூட்டும் வசதி இல்லை. வெப்பம் கூடிய நாடுகளில் அந்தப் பற்றரிகள் விரைவில் தேய்ந்தன. நம் நாட்டில் முதல் தலைமுறை லீஃப் வாங்கிய பலர் ஒருமுறை சார்ஜ் செய்து ஓடும் தூரம் வருடாவருடம் குறைவதைக் கண்ணாரக் கண்டார்கள். 2025இல் அறிமுகமான மூன்றாவது தலைமுறைக்குத்தான் திரவக் குளிரூட்டல் வந்தது. பெற்றோல் காரில் புது ஷேப் என்றால் பெரும்பாலும் முகமும் திரையும்தான் மாறும். மின்சாரக் காரில் வண்டியின் உயிரே மாறுகிறது. அதனால் பழைய தலைமுறை மின்சாரக் காரை, பற்றரிக்கு உள்ளூர் முகவர் எழுத்தில் உத்தரவாதம் தராமல், என்ன கழிவு தந்தாலும் எடுக்காதீர்கள். அதோடு, இரவில் வீதியில் நிறுத்தும் காருக்கு எங்கிருந்து சார்ஜ் ஏற்றப்போகிறீர்கள் என்பதையும் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

பழைய ஷேப்பை எடுக்கத் தீர்மானித்தால் கடதாசிகளில் கண்ணாயிருங்கள். வருடத்தைப் பார்த்து ஷேப்பை முடிவுசெய்யக்கூடாது. ஷேப் மாறிய வருடத்தில் இரண்டு ஷேப்பும் இருக்கும். சேஸி இலக்கத்தின் முன்பகுதிதான் உண்மையைச் சொல்லும். ஹொண்டா வெசல் ஹைபிரிட்டில் ஆர்யூ3 என்றால் பழையது, ஆர்வி5 என்றால் 2021இல் வந்த புதியது. அக்குவாவில் என்எச்பி10 பழையது, எம்எக்ஸ்பிகே11 புதியது. ஜப்பான் ஏலத் தாளிலுள்ள இலக்கமும் காரிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று நீங்களே ஒப்பிடுங்கள். ஏலத் தாளின் பிரதி இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று. இறக்குமதி செய்த காரை 90 நாளுக்குள் பதிவுசெய்யாவிட்டால் மாதாமாதம் சி.ஐ.எஃப். பெறுமதியில் 3 வீதம் தாமதக் கட்டணம் ஏறும் என்று 2025 விதி சொன்னது. விற்காமல் நிற்கும் காரை இறக்குமதியாளர் குறைத்துத் தர முன்வருவதற்கு இது ஒரு காரணம். சிலர் தங்கள் பெயரிலோ வேறொருவர் பெயரிலோ பதிந்து வைத்துவிட்டு "ஓடாத கார்" என்று விற்பார்கள். ஓடாததாக இருக்கலாம், ஆனால் சி.ஆர். புத்தகத்தில் நீங்கள் இரண்டாவது சொந்தக்காரர். அதற்கும் தனியாக விலை குறையவேண்டும். அதேபோல, டிசம்பரில் பேசுகிறவருக்குப் பேரம் பேச வலு கூட. ஜனவரி பிறந்தால் கார் கடதாசியில் ஒரு வயது கூடிவிடும் என்பது விற்பவருக்கும் தெரியும். நவம்பரில் வரவு செலவுத் திட்டம் வரும் நேரத்து வதந்திகளை நம்பி அவசரப்படவும் வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் நாடெங்கும் வாகனங்கள் மூழ்கின. உள்ளூரில் ஓடிய காரை மலிவாகத் தந்தால், தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், சீற் பெல்ற்றை முழுவதும் இழுத்துப் பாருங்கள். சேறு படிந்த வரி அங்கேதான் தெரியும். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸைக் கூட்டிக்கொண்டு போகாமல் எந்தக் காருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

லீசிங்கில் எடுப்பவர்கள் 2025 ஜூலைக்கு முந்திய கணக்கை மறந்துவிட வேண்டும். அந்த ஜூலையில் மத்திய வங்கி தனியார் கார்களுக்குக் கடன் காரின் பெறுமதியில் 60 வீதத்தை மீறக்கூடாது என்று கட்டளையிட்டது. பின்னர் அந்த அளவும் மேலும் இறுக்கப்பட்டது. கையில் பெரிய தொகை வேண்டும். அந்தத் தொகைக்காக வீட்டு நகையை அடகு வைத்துப் பழைய ஷேப்பை எடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். வட்டி இரண்டு பக்கமும் ஓடும்போது 15 வீதக் கழிவு கரைந்துவிடும்.

இப்போது வீட்டில் ஓடுகிற கார் ஒன்று இருந்தால், அவசரம் இல்லாதவரை அதையே ஓட்டுங்கள். கார் இல்லாமல் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாளாந்தம் ஓட்டோவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பம் என்றால், பார்ட்ஸ் தாராளமாகக் கிடைக்கும் பெற்றோல் அல்லது ஹைபிரிட் பழைய ஷேப்பை, புதியதை விட 15 வீதம் குறைவாகக் கிடைத்தால், இன்றே எடுங்கள். ஆனால் முற்பணத்துக்கு ரசீது வாங்குங்கள்; அதில் சேஸி இலக்கமும், உற்பத்தி வருடமும், பதிவு யார் பெயரில் என்பதும் எழுதப்பட்டிருக்கவேண்டும்.