கடற்பசுவும் மீனவர் தொண்டும்

ஆவினம் நிலத்திற் புல் மேய்வதுபோல, ஆழங்குறைந்த கடலிற் கடற்புல் மேய்ந்து வாழும் பாலூட்டி கடற்பசு. இதனை மீனவர் ஆவுளியா என்பர். மூச்சு வாங்க நீர்மட்டத்திற்கு வரவேண்டிய இவ்வுயிர், வலையிற் சிக்கின் மூச்சடைத்து மாளும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்றே ஈனுதலின், ஒன்றன் இழப்பும் பேரிழப்பாகும்.

தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டில் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இதன் காப்பகமாக அறிவித்தது. எனினும், அலைகடலில் இதனை நாளும் காணக்கூடியவர் மீனவரே. கண்ட இடத்தையும் நாளையும் ஆராய்ச்சியாளர்க்கு அறிவிப்போர் அவர்களுள் உளர். காக்கவேண்டிய புல்வெளிகளை அறிஞர் தெளிய அச்செய்தி உதவுகின்றது. சிக்கிய கடற்பசுவை வலையறுத்து விடுவிப்போரும் உளர். வலை அறுந்தால் அன்றைய வருவாய் குறையும். அறுக்காவிடின் ஓர் உயிர் மடியும். தம் இழப்பைப் பொருட்படுத்தாத அவர்தம் தொண்டு பெரிதன்றோ!