ஓதற்பிரிவு

பண்டைத் தமிழர், கல்வியின் பொருட்டு வீட்டைவிட்டுப் பிரிந்து செல்லுதலை வாழ்க்கையின் இன்றியமையாத கடமைகளுள் ஒன்றாகக் கருதினர். பகைமேற் சேறல், தூது சேறல் ஆகியவற்றைப் போலவே கற்றற்குப் பிரிதலும் இலக்கணத்துள் ஒரு பிரிவாக வகுக்கப்பட்டது. ஓதற்பிரிவு என்பது அதன் பெயர். அது மூன்றாண்டுகளைக் கடத்தல் ஆகாது என்று தொல்காப்பியம் வரையறை செய்கின்றது. ஒன்றும் அறியாதவன் புதிதாகக் கற்கப் போவதன்று அது. தன் ஊரிற் கற்பன கற்றவன், பிற இடங்களில் உள்ள அறிவையும் பெற்று வருதற்குச் செல்லும் செலவே அது என்பர் உரையாசிரியர்.

எழுத்தில் விருப்பமுடையோர் வெளியூர்களில் நடைபெறும் பயிற்சிப் பட்டறைகளுக்குச் சென்று, சில நாள் தங்கி மீளும் வழக்கம் இக்காலத்தில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய பட்டறை ஒரு கட்டடத்தில் அமைந்திருக்கவில்லை. ஒரு புலவரின் வீட்டுத் திண்ணையிலும், அவர் செல்லும் வழியிலும் அது நடைபெற்றது. அத்தகைய பயிற்சியை நாடிச் சென்றவர்களுள் ஒருவர் உ. வே. சாமிநாதையர்.

இவர் 1855-ஆம் ஆண்டு பிறந்தார். இவர்தம் ஊர் கும்பகோணத்திற்கு அணித்தாக உள்ள உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். நிலையான வருவாய் இல்லாதவர். ஆயினும் மகனுடைய தமிழ்க் கல்விக்காக அரியலூர், குன்னம், கார்குடி எனக் குடும்பத்தோடு இடம் மாறி மாறி வாழ்ந்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் பயின்றபோது, மேலே கற்றற்கு உரிய இடம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே என்பது தெளிவாயிற்று. பிள்ளையவர்கள் அப்பொழுது மாயூரத்தில் வாழ்ந்து வந்தார்.

1871-ஆம் ஆண்டில் தந்தையும் மகனும் மாயூரம் சென்றனர். புலவர் உடனே இசையவில்லை. பலர் ஆர்வத்தோடு வந்து, சில காலம் இருந்து, கல்வி நிரம்புமுன்னரே பிரிந்து சென்றதை அவர் கண்டிருந்தார். ஆசிரியருக்கு மாணாக்கர்பால் அன்பு மிகுதியாக இருப்பின், அவர்கள் இடையே நீங்குவது அவருக்குப் பெருந் துன்பமாகும் அன்றோ? மாணாக்கரின் உணவுச் செலவும் எளிதன்று. அதனைத் தந்தையார் ஏற்றுக்கொண்டார். வறுமையில் வாடிய ஒரு குடும்பம் மேலும் ஒரு சுமையைத் தாங்கிய பின்னரே சாமிநாதருடைய கல்வி தொடங்கிற்று.

தொடக்கத்தில் நைடதத்தைப் பிள்ளையவர்கள் தாமே பாடம் சொல்லவில்லை. மாணாக்கருள் ஒருவரான சவேரிநாத பிள்ளையைச் சொல்லுமாறு பணித்தார். ஆசிரியரிடமே கேட்க வேண்டும் என்னும் வேட்கை சாமிநாதருக்கு இருந்தது. அதனை வெளியிட அவருக்கு அச்சமாகவும் இருந்தது. பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்த மரங்கள் தளிர்த்தனவா என்று நாள்தோறும் காலையில் ஆவலோடு பார்ப்பது வழக்கம். அதனை அறிந்த இளைஞர் விடியுமுன் எழுந்து, புதுத்தளிர் விட்டிருக்கும் இடங்களைத் தேடி வைத்திருந்து, ஆசிரியர் வந்ததும் காட்டலாயினர். அவர் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சியைத் துணையாகக் கொண்டே மாணாக்கர் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். அன்று முதல் ஆசிரியரே பாடம் சொல்லத் தொடங்கினார்.

பிள்ளையவர்கள் இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களை இயற்றியவர். அவர் தம் கையால் எழுதுவது அரிது. செய்யுட்களை அவர் வாயாற் சொல்ல, மாணாக்கர் ஒருவர் எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதுவார். இப்பணி சாமிநாதருக்கும் கிடைத்தது. இதனை வெறும் கையுழைப்பு என்று கருதுதல் தவறு. முடிந்த நூலைப் படிப்பவன் அதன் அழகை மட்டுமே காண்பான். நூல் தோன்றும்பொழுது உடனிருப்பவனோ, எதுகைக்கு உரிய சொல் எவ்வாறு வந்து அமைகின்றது, ஓர் அடி முடியுமுன் அடுத்த அடி எவ்வாறு உருவாகின்றது என்பவற்றையெல்லாம் காதாற் கேட்டு அறிவான். இவ்வாறு கேட்டுப் பழகிய செவி, ஓசை பிழைத்த இடத்தைத் தானே உணரும்.

இக்கல்விக்காகச் சாமிநாதர் ஒன்றை விடவும் நேர்ந்தது. மாயூரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்திருந்தார். இசைக் குடும்பத்திற் பிறந்த இளைஞர் அவரிடம் இசை பயிலத் தொடங்கினார். இசையில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி குறையும் என்பது ஆசிரியரின் கருத்து. அதனை அறிந்த சாமிநாதர் அப்பயிற்சியை நிறுத்தினார். இரண்டும் நல்லனவே. எனினும், ஒன்றில் முழுமை பெறுதற்கு மற்றொன்றை விட வேண்டிய காலமும் வருகின்றது.

இவ்வாறு மாயூரத்திலும் திருவாவடுதுறையிலுமாக ஆண்டுகள் கழிந்தன. தொல்காப்பியம் கூறிய எல்லையும் கடந்தது. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிள்ளையவர்கள் காலமாகும் வரை சாமிநாதர் அவருடைய மாணாக்கராகவே இருந்தார்.

இனி, அக்கல்வியின் பயன் யாது என்பதைக் காண்போம். 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் ஐயர் தமிழாசிரியர் ஆனார். அவ்வாண்டிலேயே, அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரை வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பல நூல்களைக் கற்றிருந்த ஐயர் அதனைக் கற்றிருக்கவில்லை. தாம் கல்லாதது இத்துணை உண்டு என்பதை அவ்வினா காட்டிற்று. அதனைக் கற்பிக்க ஆசிரியரும் இல்லை. சிதைந்த ஏடுகளே இருந்தன. அப்போது கை கொடுத்தவை, ஓலை எழுத்தைப் படித்துப் பழகிய கண்ணும், பாட்டு உருவாவதைக் கேட்டுப் பழகிய செவியும் ஆகும். சிந்தாமணி 1887-ஆம் ஆண்டும், பத்துப்பாட்டு 1889-ஆம் ஆண்டும், சிலப்பதிகாரம் 1892-ஆம் ஆண்டும், புறநானூறு 1894-ஆம் ஆண்டும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

ஆசிரியர் தம் மாணாக்கருக்கு எல்லா நூல்களையும் கற்பித்துவிட இயலாது. கல்லாத நூலையும் தாமே கற்றுக்கொள்ளும் ஆற்றலைத் தருதல் இயலும். அதனைப் பெறுதற்கு, மாணாக்கன் ஆசிரியர் அருகில் நெடுநாள் இருத்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து தளிர் தேடும் ஊக்கமும் வேண்டும். ஐயர் தம் முதுமையில், 1933, 1934-ஆம் ஆண்டுகளில், ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அருகிருந்து கண்டவர் ஆதலின், அதனை அவரால் அவ்வளவு விரிவாக எழுத முடிந்தது.