தூண்டில் பையில் ஒரு பிளாஸ்க்

கொள்ளிடக் கரைக்குத் தூண்டில் போடப் போகும்போது என் பையில் ஒரு பிளாஸ்க் இருக்கும். டீ என்று நினைத்து ஆசையாகக் கேட்பவர்கள் உண்டு. வெறும் வெந்நீர்தான்.

சில வருடங்களுக்கு முன், மாட்டிய தேளியைக் கழற்றும்போது அது ஒரு துள்ளு துள்ளியது. பக்கவாட்டு முள் கட்டைவிரல் சதையில் இறங்கிவிட்டது. ஊசி குத்திய அளவுதான் காயம். ஐந்தே நிமிடத்தில் வலி முழங்கை வரை ஏறியது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர், "சுண்ணாம்பு வை தம்பி, இறங்கிடும்" என்றார். வைத்தேன். தோல் வெந்ததுதான் மிச்சம். டீக்கடையில் ஒரு குவளை வெந்நீர் வாங்கி, விரலை முக்கிய பிறகுதான் உயிர் வந்தது.

தேளி, கெளுத்தி, திருக்கை முள்ளில் இருக்கும் விஷம் புரதம். சூடு பட்டால் அதன் வீரியம் குறையும். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும்; அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கலாம். சூட்டை அடிபடாத கையால் பாருங்கள். குத்துப்பட்ட கை மரத்திருந்தால் வெந்தாலும் தெரியாது. திருக்கை நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைத் தொடாமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

தூண்டில் முள் ஏறினால் வந்த வழியே இழுப்பவர்கள்தான் அதிகம். நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொம்பு சதையைக் கிழித்துக்கொண்டு வரும். நுனி ஏற்கெனவே தோலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால், கட்டிங் பிளேயரால் அந்தக் கொம்பை நறுக்கிவிட்டுப் பின்னால் உருவலாம். நறுக்கும்போது துண்டு தெறிக்கும், மேலே துணி போட்டுக்கொள்ளுங்கள். ஆழமாக ஏறியிருந்தாலோ, கண், விரல் மூட்டு பக்கமாக இருந்தாலோ வீரம் காட்ட வேண்டாம். முள்ளோடு டாக்டரிடம் போங்கள்.

தூண்டிலில் கட்டும் தங்கூசி நரம்பு அறுத்த காயத்துக்கு அழுத்திப் பிடிப்பதும், சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுவதும் போதும். ஆனால் மறுநாள் சிவந்து வீங்கினால் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடப் பார்க்க வேண்டாம்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ஐந்து வருடம் தாண்டியிருந்தால், முள் குத்திய அன்றே போட்டுக்கொள்ளுங்கள்.