மூன்று பையன்கள் நடந்த தூரம்: நினைவு நூல் வாசிக்க ஒரு பாடம்



இந்த முறை நம்ம பாடப் பகுதியில் ஒரு புத்தகத்தை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். இது கற்பனைக் கதை இல்லை. யுத்தத்தில் வீட்டை விட்டு ஓடிய மூன்று பையன்கள், தாங்கள் பட்டதைத் தாங்களே எழுதிய நினைவு நூல். வாசித்துவிட்டு "ஐயோ பாவம்" என்று சொல்லி மூடி வைப்பதற்காக இதை எடுக்கவில்லை. நம்ம லயங்களிலும் இப்படி ஓடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்டதில் பெரும்பகுதி இன்னும் எழுத்தில் ஏறவில்லை. அதை எழுதப் பழகுவதற்கு இந்த வாசிப்பு உதவும்.

1. புத்தகமும் அதன் பின்னணியும்

ஆபிரிக்காவில் சூடான் என்று ஒரு நாடு. அங்கே வடக்கில் இருந்த அரசாங்கத்துக்கும் தெற்கில் எழுந்த கிளர்ச்சிப் படைக்கும் 1983இல் யுத்தம் மூண்டது. நம் நாட்டில் ஜூலைக் கலவரம் நடந்த அதே வருடம்தான். அந்த யுத்தம் 2005 வரைக்கும் நீடித்தது. தெற்கு சூடான் தனி நாடானது 2011இல்.

1987ஐ ஒட்டிய வருடங்களில் தெற்குக் கிராமங்கள் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான சிறுவர்கள் தாய் தகப்பனைப் பிரிந்து காட்டு வழியாக ஓடினார்கள். ஏறக்குறைய 20,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் "தொலைந்த பையன்கள்". பலர் கிழக்கே நடந்து எத்தியோப்பியா முகாம்களுக்குப் போனார்கள். 1991இல் அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டார்கள். பெருக்கெடுத்து ஓடிய கீலோ ஆற்றைக் கடக்கும்போது வெள்ளத்திலும் முதலை வாயிலும் குண்டடியிலும் பலர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் 1992இல் கென்யாவின் ககூமா முகாமை அடைந்தார்கள். அங்கிருந்து சுமார் 3,800 பேரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது.

அப்படி 2001இல் அமெரிக்கா போனவர்கள்தான் பென்சன் டெங், அலெபோன்சியன் டெங், பெஞ்சமின் அஜாக். முதல் இருவரும் அண்ணன் தம்பி, மூன்றாமவர் உறவுக்காரப் பையன். டிங்கா இனத்தவர்கள். ஓடும்போது வயது ஐந்து முதல் ஏழு வரை. நம்ம கணக்கில் சொன்னால் பிள்ளைக்காம்பராவை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கும் வயது. ஜூடி பெர்ன்ஸ்டைன் என்ற பெண்மணியின் உதவியோடு மூவரும் எழுதிய நூல் 2005இல் வெளிவந்தது. "வானத்திலிருந்து எங்கள் மேல் நெருப்பைக் கொட்டினார்கள்" என்பது அதன் தலைப்பின் பொருள். நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள் அகராதியை வைத்துக்கொண்டு பகுதி பகுதியாக வாசித்து, வீட்டில் உள்ளவர்களுக்குத் தமிழில் சொல்லலாம்.

2. வாசிக்கும்போது கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

(அ) யார் சொல்கிறார்? எந்த வயதில் பார்த்ததை எந்த வயதில் எழுதுகிறார்?

ஐந்து வயதுப் பிள்ளைக்கு யுத்தம் ஏன் வந்தது என்று தெரியாது. தாகம் தெரியும், கால் வலி தெரியும், யார் கை விட்டுப் போனது என்று தெரியும். ஆகவே இப்படிப்பட்ட நூலில் திகதியும் எண்ணிக்கையும் பிசகலாம். அதை வேறு புத்தகங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை தண்ணீருக்குத் தவித்ததை எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் தேடிப் பிடிக்க முடியாது. அது அந்தப் பிள்ளை சொன்னால்தான் உண்டு. இந்த நூலில் மூன்று பேரும் மாறி மாறிச் சொல்வதால், ஒரே யுத்தத்தை மூன்று ஜோடிக் கண்களால் பார்க்கிறோம்.

(ஆ) எங்கிருந்து எங்கே போனார்கள்?

பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தேசப்படத்தை விரித்து வைத்து வழியைக் கோடு போடுங்கள். அந்தப் பையன்கள் நடந்த தூரம் ஆயிரம் மைலுக்கு மேல்.

(இ) யார் கைகொடுத்தார்கள்? யார் விரட்டினார்கள்?

ஒரு பக்கம் முழுக்க நல்லவர், மறுபக்கம் முழுக்கக் கெட்டவர் என்று எந்த யுத்தமும் இருப்பதில்லை. அரசாங்கத்தின் குண்டுக்குத் தப்பி ஓடிய பையன்களில் பலருக்கு, முகாமில் வைத்துத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தது அவர்களுடைய பக்கத்துக் கிளர்ச்சிப் படைதான்.

(ஈ) யாருடைய கதை சொல்லப்படவில்லை?

"தொலைந்த பையன்கள்" என்கிறார்களே, பெண் பிள்ளைகள் ஓடவில்லையா? ஓடினார்கள். முகாமுக்கு வந்ததும் அவர்களைக் குடும்பங்களோடு சேர்த்துவிட்டார்கள். வீட்டு வேலையில் மறைந்து போனார்கள். வெளிநாடு போகக் கிடைத்தது மிகச் சிலருக்கே.

3. அதே கேள்விகள், நம்ம மலையகத்தில்

இப்போது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு நம்ம பக்கம் திரும்புவோம்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. அதன்பின் 1973, 74 பஞ்சம் வந்தது. 1977 ஆகஸ்டில் கலவரம், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் தாக்குதல், 1983 ஜூலையில் நாடு முழுக்க நெருப்பு. ஜூலை 27இல் நுவரெலியாவும் பதுளையும் எரிந்தன.

ஒவ்வொரு முறையும் நம்மவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வடக்கே போனார்கள். எஸ்.ஏ. டேவிட், டாக்டர் எஸ். ராஜசுந்தரம் ஆகியோரின் காந்தியம் இயக்கம் அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டது. கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என்ற பெயர்களைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறைக்குள்ளே டாக்டர் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் அந்தப் பண்ணைகளிலிருந்தும் நம்மவர்கள் விரட்டப்பட்டார்கள். அங்கே சிங்களக் கைதிகள் குடும்பத்தோடு குடியேற்றப்பட்டார்கள். அந்த வருடம் நவம்பர் 30இல் புலிகள் நடத்திய தாக்குதலில் அவர்களும் கொல்லப்பட்டார்கள். அதில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1983இல் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களையும் அதே மாதிரி சொல்ல வேண்டும்.

வன்னியில் தங்கியவர்களுக்கு ஓட்டம் அதோடு முடியவில்லை. 2009இல் யுத்தம் முடிந்தபோது மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களில் மலையகத்திலிருந்து போன குடும்பங்களும் உண்டு.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் எல்லாரையும் "அகதி" என்கிறோம். 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையின்படி, துன்புறுத்தலுக்குப் பயந்து சொந்த நாட்டின் எல்லையைத் தாண்டியவர்தான் அகதி. தோட்டத்திலிருந்து வவுனியாவுக்கு ஓடியவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர் அகதி. ஒப்பந்தப்படி கடவுச்சீட்டோடு தலைமன்னாரில் கப்பல் ஏறியவர், காகிதத்தில் தாயகம் திரும்பியவர். ஒரே லயத்து மூன்று வீட்டுக்காரர்கள் மூன்று பெயரில் பிரிந்து போயிருப்பார்கள். பெயர் மாறினால் கிடைக்கும் உதவியும் உரிமையும் மாறும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. யார் எங்கே, எந்தத் தோட்டத்தில், எந்த வருடத்திலிருந்து இருந்தார்கள் என்ற விபரம் எவ்வளவு பெறுமதியானது என்று இதிலிருந்தே விளங்கும். ஓடுகிற அவசரத்தில் பிறப்புச் சான்றிதழை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அது இன்னும் நன்றாக விளங்கும்.

4. நம்ம வீட்டு நினைவை எழுதுவது எப்படி?

1983இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. 1977இல் பிள்ளையைத் தோளில் சுமந்து ஓடிய தாய் இன்று பாட்டி. இவர்களை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

ஒரு கொப்பி போதும். இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசுகிற நேரம் போதும். கீழே உள்ளதைக் கவனியுங்கள்.

• முதலில் சம்மதம் கேளுங்கள். "சொல்ல விருப்பமாங்க அம்மாச்சி?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அழுதால் நிறுத்துங்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். இன்னொரு நாள் பார்க்கலாம்.

• பெரிய கேள்வி வேண்டாம். "கலவரம் ஏன் வந்தது?" என்று கேட்காதீர்கள். "அன்னைக்கு அடுப்புல என்ன இருந்துச்சு? கையில என்னத்த எடுத்துக்கிட்டுப் போனீங்க? மொத ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று கேளுங்கள். பெரிய கதை தானாக வரும்.

• அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். "கொழுந்து மலையிலருந்து அப்படியே ஓடுனோம்" என்றால் அப்படியே எழுதுங்கள். இலக்கணமாகத் திருத்த வேண்டாம்.

• தோட்டத்தின் பெயர், டிவிசன், வருடம், போன வழி ஆகியவற்றைத் தனியாகக் குறியுங்கள். வருடம் மறந்திருந்தால், "மூத்தவன் பிறந்த வருசமா?", "தோட்டம் அரசாங்கம் எடுத்ததுக்குப் பிறகா?" என்று கேட்டுக் கண்டுபிடிக்கலாம்.

• பெண்களைத் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் பல விஷயங்கள் வெளியே வராது. நான்காவது கேள்வி இதற்காகத்தான்.

• யாருக்காவது இன்றைக்கும் தொல்லை வரும் என்றால் அந்தப் பெயரை எழுதாதீர்கள்.

• பழைய கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், அரிசிக் கூப்பன், கடிதம், படம் எது இருந்தாலும் பிரதி எடுத்துக் கொப்பியோடு வையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சூடான் பையன்களில் பலர் முகாமில் எழுத்துப் படித்தபோது கொப்பி பென்சில் கிடையாது. மண்ணில் விரலால் எழுதிப் பழகினார்கள். நமக்குக் கொப்பியும் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் வீட்டில் இருக்கிறது.

5. கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. ஒரே சம்பவத்தை அண்ணன் ஒரு விதமாகவும் தம்பி வேறு விதமாகவும் சொன்னால் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகுமா?

2. உங்கள் குடும்பத்தில் வன்னிக்கோ இந்தியாவுக்கோ போனவர்கள் யார் யார்? அவர்களுக்கு எந்தப் பெயர் பொருந்தும்: அகதியா, இடம்பெயர்ந்தவரா, தாயகம் திரும்பியவரா?

3. வன்னியிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தை நம்ம லயத்தில் எப்படி நடத்தினோம்? பேர் பதிந்து வேலை கிடைத்ததா? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடிந்ததா?

4. உங்கள் வீட்டில் முதலில் யாரைக் கேட்க வேண்டும்? இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்க முடியுமா?

எழுதியதைக் காட்ட விரும்பினால் நலன்புரிக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசித்து, எழுத்துப் பிழை பார்த்து, பிரதி எடுக்க உதவுவோம். கொப்பி மட்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.