இரு முதன்மைப் பாடங்கள்

பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர் மாறுவது உங்களுக்குப் புதிதன்று. கல்லூரியின் இடையே மாற நேர்ந்தாலும், இயற்பியலையும் கணிதத்தையும் இரு முதன்மைப் பாடங்களாகக் கற்க இயலும். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட கட்டமைப்பு அதற்கு இடமளிக்கிறது. நான்காண்டுப் பட்டத்திற்குரிய 160 மதிப்பலகுகளுள் (கிரெடிட்) குறைந்தது 64 இரண்டாம் முதன்மைப் பாடத்திற்கு உரியவையாதல் வேண்டும். முன்பு ஈட்டியவை மதிப்பலகு வங்கியில் ஏழாண்டு வரை நிற்கும். ஆயினும், அவற்றுள் எவற்றைப் புதிய கல்லூரி ஏற்கும் என்பதைச் சேருமுன்பே எழுத்தில் பெறுக.

எண்ணிக்கையினும் வரிசையே கடினம். திசையன் நுண்கணிதம் அறியாதார்க்கு மின்காந்தவியல் விளங்காது. குவாண்டம் இயக்கவியலுக்கோ நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வேண்டும். ஒரு தாளை ஆண்டுக்கு ஒருமுறையே நடத்தும் கல்லூரிகள் பல. ஒன்று தவறின், அதனைச் சார்ந்தவை யாவும் ஓராண்டு தள்ளிப்போகும். ஆதலின் இறுதிப் பருவத்திலிருந்து பின்னோக்கித் திட்டம் வரைக. ஆய்வகத்தையும் மறவற்க: ஒரு மதிப்பலகுக்கு விரிவுரை 15 மணி நேரம், செய்முறை 30 மணி நேரம். மெய்ப்பகுப்பாய்வையும் பெரிய ஆய்வகத் தாளையும் ஒரே பருவத்தில் எடுப்பதை யான் பரிந்துரையேன்.

பயிற்சி
1. திட்டத்தைப் பின்னோக்கி வரைய வேண்டுவது ஏன்?
2. 'மறவற்க' – இலக்கணக் குறிப்பு எழுதுக.