சொல்வளம்: ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ – கருத்தும் பயன்பாடும்

மாணவர்களே, ஆங்கில வினாத்தாளின் வாசிப்புப் பகுதியில் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ என்ற சொல்லைக் கண்டதும், அதன் இறுதியிலுள்ள ‘ஃபாஸ்ட்’டை மட்டும் பார்த்து ‘வேகமான’ எனக் கருத்து எழுதுவோர் உண்டு. இது தவறு.

கருத்து: உறுதி தளராத, நிலைகுலையாத.

சொல் பிறந்த விதம்

‘ஸ்டெட்’ என்பது இடத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். ‘ஃபாஸ்ட்’ என்பதன் பழைய கருத்து ‘இறுக்கமாக, அசையாமல்’ என்பதாகும். எனவே இச்சொல் ‘நின்ற இடம்விட்டு அசையாத’ எனப் பொருள்படும். ‘கட்டு, பூட்டு’ எனப் பொருள்தரும் ‘ஃபாஸன்’, ஆழ்ந்த உறக்கத்தைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ ஆகியவற்றிலும் இப்பழைய கருத்தே உள்ளது. தமிழிலும் ‘நில்’ என்பதிலிருந்தே ‘நிலையான’ என்ற சொல் வருகின்றது.

பயன்பாடு

1. பெயருக்கு முன் பெயரடையாக: எ ஸ்டெட்ஃபாஸ்ட் ஃப்ரெண்ட் – துன்பத்திலும் கைவிடாத நண்பன்.

2. வினையின் பின் பெயரடையாக: ஷீ ரிமெய்ன்ட் ஸ்டெட்ஃபாஸ்ட் இன் ஹேர் டிசிஷன் – அவள் தன் தீர்மானத்தில் உறுதியாக இருந்தாள். இங்கு ‘இன்’ என்ற முன்னிடைச்சொல் வருவதைக் கவனிக்க.

3. வினையடையாக: ஹீ ஸ்டெட்ஃபாஸ்ட்லி ரிஃப்யூஸ்ட் – அவன் உறுதியாக மறுத்தான்.

4. பெயர்ச்சொல்லாக: ஸ்டெட்ஃபாஸ்ட்னஸ் – உறுதிப்பாடு.

வேறுபாடு அறிக

‘ஸ்டபர்ன்’ என்பதும் விட்டுக்கொடாமையையே குறிக்கும். ஆனால் அது பெரும்பாலும் குறைகூறும் சொல். ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ பாராட்டும் சொல்.

1955 டிசம்பரில், அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரில், பஸ்ஸில் வெள்ளையர் ஒருவருக்குத் தன் ஆசனத்தை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதுசெய்யப்பட்டார். அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்களைப் பகிஷ்கரித்தனர். மழையிலும் வெயிலிலும் நடந்தே வேலைக்குச் சென்றவர் பலர். பஸ்களில் இனப்பாகுபாடு சட்டவிரோதமானது என்ற நீதிமன்றத் தீர்ப்பு 1956 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பின்னரே அவர்கள் மீண்டும் பஸ்ஸில் ஏறினர். இவர்களின் உறுதிக்குப் பொருத்தமான சொல் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ ஆகும். பிழை எனத் தெரிந்த பின்னும் விடாதிருந்தால் அது ‘ஸ்டபர்ன்’.

எழுத்துப்பிழை தவிர்க்க: ‘ஸ்டெட்’ என எழுதும்போது ‘ஈ’யை அடுத்து ‘ஏ’ என்ற எழுத்தும் வரும். அதனை விட்டுவிட வேண்டாம்.

பயிற்சி

‘ஸ்டெட்ஃபாஸ்ட்’, ‘ஸ்டபர்ன்’ ஆகியவற்றுள் பொருத்தமானதைத் தெரிவுசெய்க.

1. பிழையைச் சுட்டிக்காட்டிய பின்னும் விடையைத் திருத்த மறுக்கும் மாணவன்.

2. எவ்வளவு கஷ்டம் வந்தபோதும் மகளின் படிப்பை நிறுத்தாத தாய்.

விடைகள்: 1. ஸ்டபர்ன் 2. ஸ்டெட்ஃபாஸ்ட்